வாங்குபவரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் படம்: மும்பைச் சிறுவணிகர்களுக்கு ஒரு விளம்பரப் புகைப்பட வழிகாட்டி

தாராவி 90 அடி ரோட்டில் முறுக்கு சுடுபவர், சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் தோல் பை விற்பவர், மாட்டுங்காவில் பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவர் என எல்லோரும் இன்று வாடிக்கையாளரை முதலில் சந்திப்பது கைப்பேசித் திரையில்தான். கடைக்கு நேரில் வந்தால் அவர் முறுக்கை ஒடித்துப் பார்ப்பார், பையைத் தடவி முகர்ந்து பார்ப்பார், சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பார். திரையில் இதெல்லாம் நடக்காது. கையும் மூக்கும் செய்யும் சோதனையைக் கண் மட்டுமே செய்தாக வேண்டும். அந்தச் சோதனையில் தேறுகிற படம் விற்கும், வெறுமனே அழகாக இருக்கிற படத்துக்கு லைக் மட்டும் விழும்.

புகைப்பட உளவியலும் விளம்பரமும் கைகோத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. நடத்தையியல் உளவியலின் முன்னோடி ஜான் பி. வாட்சன் பல்கலைக்கழகத்தை விட்டு 1920இல் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். 1923இல் அதே நிறுவனத்துக்குப் படமெடுக்க வந்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன். கைகளுக்குத் தடவும் லோஷன் விளம்பரத்துக்கு அவர் எடுத்தது உருளைக்கிழங்கு உரிக்கும் கைகளை. லோஷன் வாங்கும் பெண்ணின் மனதில் இருந்த கேள்வி, ‘இவ்வளவு வேலை செய்யும் என் கைக்கு இது ஆகுமா’ என்பது. படம் நேராக அந்தக் கேள்விக்குப் போனது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் வேலை: சந்தேகத்தை எழுதுவது

கேமராவைத் தொடுவதற்கு முன் கடந்த ஒரு மாத வாட்ஸ்அப் விசாரணைகளைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். ‘கலர் இதேதானா?’, ‘லேப்டாப் உள்ளே போகுமா?’, ‘எண்ணெய் வாடை வராதே?’, ‘ஒரு பாக்கெட்டில் எத்தனை இருக்கும்?’ என்று வரும். அதிகம் வருவதை மேலே வையுங்கள். ஒரு படம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். நான்கு கேள்வி இருந்தால் நான்கு படம். முதலிடத்தில் உள்ள கேள்விக்கான படமே கேட்டலாக்கின் முகப்புப் படம்.

அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பை, பெல்ட், பர்ஸ், அதற்கு மேல் தள்ளுபடி எழுத்து, பக்கத்தில் தீபாவளி விளக்கு என்று எல்லாவற்றையும் ஒரே படச் சட்டத்தில் அடைத்துவிடுகிறோம். கூட்டத்திலிருந்து தனித்து நிற்பதே நினைவில் தங்குகிறது என்று உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இல் காட்டினார். எல்லாமே கவனம் கேட்டால் எதற்கும் கவனம் கிடைக்காது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குவியலும் ஒரு செய்தி. மொத்த விலைக்கு முறுக்கு விற்பவர் பாக்கெட்டுகளை அடுக்கிச் சட்டம் நிறைய எடுத்தால் ‘நிறைய இருக்கிறது, விலை குறைவு’ என்று படிக்கப்படும், அது அவருக்கு வேண்டியதுதான். அதே முறையில் நாலாயிரம் ரூபாய்த் தோல் பையை எடுத்தால் அது நானூறு ரூபாய்ப் பையாகத் தெரியும். விலை கூடக்கூட, பொருளைச் சுற்றி வெற்றிடம் கூடட்டும்.

கை நீட்டத் தோன்றும் கோணம்

நுகர்வோர் மனதை ஆராயும் ரயன் எல்டர், ஆராதனா கிருஷ்ணா இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு நேரடியாகப் பயன்படும். கோப்பையின் பிடி பார்ப்பவரின் பழக்கமான கை இருக்கும் பக்கம் திரும்பியிருந்தால் வாங்கும் எண்ணம் கூடியது. எடுத்துப் பயன்படுத்துவதைப் பார்ப்பவர் மனதிற்குள் ஒரு கணம் நடத்திப் பார்க்கிறார் என்பது அவர்கள் விளக்கம். அந்தப் பழக்கமான கையில் ஏற்கெனவே வேறு பொருள் இருந்தால் இந்த அனுகூலம் போய்விட்டது.

செய்முறை எளிது. பெரும்பாலானோருக்கு வலது கை பழக்கம். ஆகவே பையின் பிடி, கரண்டியின் காம்பு, டபராவிலிருந்து தூக்க வேண்டிய டம்ளர் எல்லாம் சட்டத்தின் வலது கீழ்ப்பக்கம் நோக்கி வரட்டும். அந்தப் பக்கத்தில் பூவோ எழுத்தோ வைத்து வழியை அடைக்காதீர்கள். கேமராவின் உயரம், அந்தப் பொருளை உபயோகிக்கும்போது கண் இருக்கும் உயரம். தட்டில் உள்ள டிபனுக்கு மேசையிலிருந்து 45 பாகை. முழுச் சாப்பாட்டுக்கு நேர் மேலிருந்து. அடுக்கியிருக்கும் அதிரசத்துக்கும் நுரை பொங்கும் காபிக்கும் 10 முதல் 15 பாகை.

வாழை இலை வைத்தால் நுனி உண்பவரின் இடது பக்கம் இருக்க வேண்டும், அதாவது படத்திலும் இடப்பக்கம். திருப்பி வைத்த இலையைப் பார்த்ததும் தமிழ் வாடிக்கையாளருக்கு ஏதோ உறுத்தும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ‘இவங்க நம்ம ஆள் இல்லை’ என்று நினைத்துவிடுவார். வாடகைக்கு எடுத்த ஸ்டுடியோக்களில் இது அடிக்கடி தவறாகப் போகிறது.

வெளிச்சம்

நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். பொருள் எதனால் ஆனது, மெத்தென்று இருக்குமா, மொறுமொறுவென்று இருக்குமா, புதிதா பழையதா என்பதையெல்லாம் கண் நிழலிலிருந்தே படிக்கிறது. கேமராவின் ஃப்ளாஷ் நேர் முன்னாலிருந்து அடித்து நிழலை அழித்துவிடும். அதனால்தான் ஃப்ளாஷில் எடுத்த இட்லி மாவுக்கட்டி போலவும் தோல் ரெக்சின் போலவும் தெரிகின்றன.

ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மேசை போடுங்கள். மேசையைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு நீங்கள் 6 மணி இடத்தில் நின்றால் ஜன்னல் 10 மணி இடத்தில் வரட்டும். நேர் வெயில் விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளை மல் துணியோ டிரேசிங் பேப்பரோ கட்டுங்கள். எதிர்ப்பக்கம், பொருளிலிருந்து ஓர் அடிக்குள், வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்று நிற்கட்டும். அதைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளினால் அழுத்தமாகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இது ஒன்றே போதும்.

மழைக்காலத்தில் மும்பைக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூரைகளில் நீலத் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். எதிர்வீட்டுத் தார்ப்பாயில் பட்டுத் திரும்பும் ஒளி உங்கள் ஜன்னல் வழியே நீலமாக வரும். கண் அதற்குச் சீக்கிரம் பழகிவிடுவதால் எடுக்கும்போது தெரியாது. படத்தில் தேங்காய்ச் சட்னி சாம்பல் நீலமாக, கெட்டுப்போனதுபோல் நிற்கும். பொருளின் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தாள் நீலமடித்தால் புரோ மோடில் ஒயிட் பேலன்ஸைத் தாள் வெள்ளையாகும் வரை நகர்த்துங்கள். அப்போது அறையின் டியூப்லைட் அணைந்திருக்க வேண்டும். இரண்டு நிற ஒளி கலந்துவிட்டால் ஒரு பக்கத்தைச் சரிசெய்யும்போது மறுபக்கம் கெடும், எந்தச் செயலியாலும் முழுதாக மீட்க முடியாது.

ஜன்னலே இல்லாத பட்டறையா? லோஹார் சாலில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி பல்புகள் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே கெல்வின் எண் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) பார்த்து வாங்குங்கள். சிஆர்ஐ குறைந்த பல்பில் சிவப்பும் தோல் பழுப்பும் செத்துப்போகும். ஒன்றை டிரேசிங் பேப்பருக்குப் பின்னால் 10 மணி இடத்தில் வையுங்கள். மற்றதைச் சுவரில் மோதித் திரும்பும்படி திருப்பி வையுங்கள். விளக்கை இரட்டிப்புத் தூரம் தள்ளினால் பொருள்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதை நினைவில் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு. விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும்.

கைப்பேசி என்றால் லென்ஸைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கிட்டப்போய் 1 மடங்கில் எடுத்தால் முன்பக்கம் உப்பிப் பின்பக்கம் சுருங்கும், சதுரப் பை முக்கோணமாகிவிடும். இரண்டு மூன்றடி பின்வாங்கி 2 மடங்கில் எடுங்கள். போர்ட்ரெயிட் மோட் வேண்டாம், பையின் வாரையும் முறுக்கின் முள்ளையும் அது பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடுகிறது. உணவு மோடும் வேண்டாம், சாம்பாரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும்.

இட்லி

இதன் சந்தேகம் ஒன்றே: பூ மாதிரி இருக்குமா? அதை முழு இட்லி சொல்லாது. பின்னால் இரண்டு முழு இட்லி, முன்னால் ஒன்றைக் கையால் பிட்டு வையுங்கள். கத்தியால் வெட்டினால் துளைகள் நசுங்கி மழமழவென்று ஆகிவிடும். பிட்ட முகத்தில் ஜன்னல் ஒளி பக்கவாட்டில் உரசிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு நிழல் விழும். அந்த நிழல்களைத்தான் கண் ‘மெத்து’ என்று படிக்கிறது.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை இட்லி அழுக்கு வெள்ளையாக வருவது அதனால்தான். இட்லிமேல் தொட்டு, வெளிச்ச அளவை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். துளைகள் மறையத் தொடங்கினால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள். இலை இருந்தால் இட்லியின் அடிவிளிம்பில் பச்சை பிரதிபலிக்கும். தெர்மாகோலை அரை அடிக்குக் கிட்டே கொண்டுவந்தால் அது குறையும். இலையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள், நீர்த்துளிகள் தனித்தனியே மின்னினால் பார்வை அங்கே போய்விடும்.

வரிசை முக்கியம். காலித் தட்டில் கோணம், ஒளி, ஃபோகஸ் எல்லாம் முடிவு செய்து பூட்டியபின் இட்லி வரட்டும். அடுத்தது சாம்பார், ஆடை கட்டாமல் ஒருமுறை கலக்கிவிட்டு. சட்னி கடைசி, ஓரம் சீக்கிரம் காய்ந்து நீர் பிரியும். ஆவி வேண்டுமானால் பின்னணி இருட்டாகவும் ஒளி பின்பக்கத்திலிருந்தும் வர வேண்டும், வெள்ளைச் சுவர் முன் எவ்வளவு ஆவி பறந்தாலும் தெரியாது. ஊதுபத்திப் புகையை ஆவியாகக் காட்டும் வேலை வேண்டாம், அது நூலாக எழும், ஆவி அப்படி எழாது. பார்ப்பவர் அடுக்களையில் தினமும் ஆவி பார்ப்பவர்.

காபிக்கும் இதே வரிசைதான், நுரை அடங்குவதற்குள் முடிக்க வேண்டும். பித்தளை டபராவில் உங்கள் முகமும் ஜன்னல் கம்பியும் தெரிந்தால் மூன்று பக்கமும் வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தி, இடுக்கு வழியாக எடுங்கள். முறுக்குக்கு ஒடித்த ஒரு துண்டும் நாலு நொறுக்குத் துகளும் போதும். மழைநாளில் டப்பாவிலிருந்து எடுத்தவுடன் எடுங்கள்.

தோல் பை

‘அசல் தோலா?’ என்பது முதல் கேள்வி. ஒளியை 20, 30 பாகைக்குத் தாழ்த்தி மேற்பரப்பை உரசவிட்டால் தோலின் இயல்பான ரேகைகள் எழும்பும். ஒரே சீராக இல்லாத அந்த ரேகைதான் அசலுக்குச் சாட்சி, அதனால் படத்தை எடிட் செய்யும்போது ‘சுத்தப்படுத்த’ வேண்டாம். கறுப்புப் பைக்கு வெளிச்ச அளவை −0.7 வரை இறக்குங்கள். கறுப்பு பின்னணியோடு கரைந்தால் இரண்டு பக்கமும் நாலங்குல அகலத் தெர்மாகோல் பட்டைகளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள், விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடி உருவத்தைப் பிரித்துக் காட்டும்.

உள்ளே செய்தித்தாளைக் கசக்கி நிரப்பி, பை தோளில் தொங்கும்போது இருக்கும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் திணித்தால் தையல் இழுபடுவது தெரியும். பிடி நிமிர்ந்து நிற்க நைலான் நூல். இரண்டாவது படம் அளவுக்கு: 14 அங்குல லேப்டாப் பாதி உள்ளே, பாதி வெளியே. மூன்றாவது படம் தையலுக்கு, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்து எடுங்கள். தாராவிக் கைவேலையின் தரத்தை வார்த்தையில் எவ்வளவு எழுதினாலும் வராத நம்பிக்கை, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று வாடிக்கையாளர் தானே எண்ணிப் பார்க்கும்போது வருகிறது.

பட்டுச் சேலை

திருப்பி அனுப்பப்படும் சேலைகளுக்கு நிறமே பெரிய காரணம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் படத்தில் போரா பஜாரில் கிடைக்கும் சாம்பல் நிறக் கார்டைச் சேலைமேல் வைத்து எடுங்கள், எடிட்டில் அதைத் தொட்டு நிறத்தைச் சமன் செய்து மற்ற படங்களுக்கும் அதையே போடலாம். பிறகு மூன்று வெவ்வேறு கைப்பேசிகளில், சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அரக்கும் ராணி பிங்க்கும் கேமராவில் சீக்கிரம் நிறைந்துபோய் மடிப்புகள் மறைந்து ஒரே பூச்சாகிவிடும், அவற்றுக்கு வெளிச்ச அளவை அரைப் படி (−0.5) இறக்குங்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் உள்ள சேலையை ஒரு படத்தால் காட்ட முடியாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம், அல்லது முந்தானையை மெதுவாகத் திருப்பும் பத்து நொடி வீடியோ. ஜரிகைக்கு ஒற்றைப் பக்க ஒளி வேண்டும். நாலாபுறமும் சமமாக விளக்கு போட்டால் அது கடுகு நிற நூலாகப் படுத்துவிடும்.

முகம், பழக்கம், ஊர்

ஒருவர் பார்க்கும் திசையில் நம் கண்ணும் தானாகப் போகும். உளவியலாளர்கள் ஃப்ரீசன், கிங்ஸ்டோன் 1998இல் கோட்டு முகங்களை வைத்தே இதைக் காட்டினார்கள். சேலையைக் காட்ட வேண்டுமென்றால் மாடல் பார்டரைப் பார்க்கட்டும். கேமராவை நேராகப் பார்த்தால் பார்ப்பவர் முகத்திலேயே நின்றுவிடுவார். செய்பவரின் மேல் நம்பிக்கை வர வேண்டும் என்ற படத்தில் மட்டும் நேர்ப்பார்வை நல்லது: முறுக்கு பிழியும் அக்கா, தோல் தைக்கும் அண்ணன். அவர்களிடம் படத்தை எங்கெங்கே போடுவீர்கள் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னணியை வாரத்துக்கொன்றாக மாற்றாதீர்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதன் மேல் விருப்பம் கூடுகிறது என்பது உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் நிறுவியது. ஒரே மரப்பலகை, ஒரே ஒளித்திசை என்று ஆறு மாதமாவது வைத்தால் பெயரைப் படிக்கும் முன்பே உங்கள் கடை என்று தெரிந்துவிடும்.

மும்பையில் ஒரே படத்தைத் தமிழர், மராட்டியர், குஜராத்தி எல்லோரும் பார்க்கிறார்கள். ஜனவரியில் இது நன்றாகத் தெரியும். மகர சங்கராந்திக்கு மராட்டியக் குடும்பங்களில் கறுப்புச் சேலை உடுத்துவார்கள், அதே நாள் நமக்குப் பொங்கல், கறுப்பைத் தொட மாட்டோம். ஆகவே ஒரே சேலைக் கடைக்கு அந்த வாரம் இரண்டு முகப்புப் படம் வேண்டும், வாட்ஸ்அப்பில் பட்டியலைப் பிரித்து அனுப்புங்கள். வாழை இலையும் அப்படித்தான். பிற மொழிக்காரருக்கு அது ‘சவுத் இந்தியன்’ என்ற அடையாளம், நமக்கு அது சாப்பிடும் இடம். தோல் பெல்ட்டை இலைமேல் வைத்து எடுத்தால் நம்மவர்க்கு ஒவ்வாது.

எல்லை

ஈர்ப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. அமெரிக்காவில் 1960களின் கடைசியில் கேம்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்களை மேலே தெரிய வைத்தார்கள். அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நம் சாம்பாரிலும் காய் மூழ்கும். பரிமாறும் அளவில் உள்ள அதே காயைக் கரண்டியால் மேலே தூக்கி வைப்பது சரி, நாலு துண்டு போடும் இடத்தில் பத்து துண்டு காட்டுவது தவறு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விரிவான நெறிமுறைகள் ஜூன் 2022இல் வந்தன. சட்டம் ஒருபுறம். படத்தில் கண்டதைவிடச் சின்னப் பை கையில் கிடைத்தவர் மறுபடி வரமாட்டார், அவர் கட்டிடத்தில் உள்ள யாரும் வரமாட்டார்கள்.

வெளியிடுமுன் சோதனை

படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்ன பொருள் என்று தெரியாவிட்டால் அது முகப்புக்கு ஆகாது. இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350, வாட்ஸ்அப் கேட்டலாக்குக்குச் சதுரம். எடுக்கும்போதே நாலாபுறமும் இடம் விட்டால் இரண்டுக்கும் வெட்டலாம்.

அடுத்து, உங்கள் பொருளைப் பார்த்திராத ஐந்தாறு பேரிடம் படத்தை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டு, ‘என்ன விலை இருக்கும்?’ என்று மட்டும் கேளுங்கள். எங்கள் கணிப்பில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. உண்மை விலையை விடக் குறைத்துச் சொன்னால் படம் பொருளைத் தாழ்த்துகிறது: ஒளி தட்டையாக இருக்கும், அல்லது சட்டத்தில் நெரிசல். மிக அதிகமாகச் சொன்னால் வாடிக்கையாளர் விலை கேட்கவே தயங்குவார், படத்தில் ஒரு மனிதக் கையைக் கொண்டுவாருங்கள்.

இரண்டு படங்களில் எது என்று முடிவாகாவிட்டால் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே நாளில், ஒரே நேரத்தில், பட்டியலைப் பாதியாகப் பிரித்து அனுப்புங்கள். சனிக்கிழமைப் படத்தைச் செவ்வாய்க்கிழமைப் படத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது கிழமையைத்தான். எண்ணுவது லைக்கை அல்ல, விசாரணையையும் ஆர்டரையும். நூறு நூறு பேருக்கு அனுப்பி ஒன்றுக்கு எட்டு, மற்றதற்குப் பதினொன்று வந்தால் அது வித்தியாசமே இல்லை, இன்னும் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஜெயித்த படத்தின் நேரம், விளக்குத் தூரம், வெளிச்ச அளவு, ஷட்டர் எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து, மேசைக்கால் நின்ற இடத்திலும் தெர்மாகோல் நின்ற இடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த சரக்கு வரும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.